மரத்தை வெட்டித்தான் சில காடுகளை மீட்க வேண்டும்

மலையில் வனத்துறை மரம் வெட்டுகிறது என்று ஒரு காணொளி வந்தால் போதும், கமெண்டில் சாபம் விட ஆரம்பித்துவிடுகிறோம். என்ன மரம், யார் கொண்டுவந்து நட்டது என்று கேட்பவர் குறைவு.

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதி இயல்பிலேயே புல்வெளி. மடிப்புகளில் சோலைக்காடு, மேடெல்லாம் புல். நீலகிரியில் தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த அந்த நிலம் வெள்ளைக்காரன் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில் மரம், சீயக்காய் இல்லை) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) இறக்கினான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமாவது நிறுத்தினோமா? இன்னும் வேகமாக நட்டோம். பட்டை தோல் பதனிட, கட்டை ஆலைக்கு. பழனி மலையில் மட்டும், 1970களில் இருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் காணாமல் போனது.

நம் மாநில விலங்கான வரையாட்டுக்குப் புல்லும் பாறையும்தான் வீடு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 தான் இருந்தன. சீகைத் தோப்புக்குள் அதற்கு மேய்ச்சலும் கிடையாது, சிறுத்தை வருவதைத் தூரத்திலேயே பார்த்து ஓட வழியும் கிடையாது. பச்சையாக இருக்கிறதே என்று நாம்தான் சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம்.

சரி, வெட்டிவிட்டால் புல் வந்துவிடுமா? வராது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும். மேலே நிழல் போய் வெயில் பட்டதும் ஒரே மழையில் கால் வைக்க இடமில்லாமல் முளைக்கும். குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அடுத்த வருடம் மறுபடியும், அதற்கடுத்த வருடமும். இன்னொரு பக்கம், மலைப்புல்லைத் தூர் பிரித்து நாற்றங்காலில் வளர்த்துக் கையால் நட வேண்டும். இந்த வேலைக்கு மரக்கன்று விழா மாதிரி போட்டோ எடுக்க வராது. இதை யாரும் கையில் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

எல்லாத் தோப்பையும் மொட்டையடிக்கவும் கூடாது. பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாகவே தலை காட்டுகின்றன. அங்கே போய் ரம்பத்தை ஓட்டுவது முட்டாள்தனம். புல் மிச்சமிருக்கிற மேட்டு ஓரங்களில், சீகை இப்போதுதான் உள்ளே நுழைகிற இடங்களில் ஆரம்பிக்கலாம். அங்கே செலவும் குறைவு.

என் பயமெல்லாம் காசு விஷயத்தில்தான். வெட்டிய கட்டைக்கு விலை உண்டு, அதை எடுக்க ஒப்பந்ததாரர் வரிசையில் நிற்பார். ஐந்தாம் வருடம் கன்று பிடுங்க யார் கூலி கொடுப்பது? கட்டை விற்ற பணத்தை அதற்கென்றே ஒதுக்கி, அந்த வேலையைப் பழனி மலையில் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கும் நீலகிரியில் தோடர்களுக்கும் மாதச் சம்பளத்தில் கொடுக்கலாம். சீகையை அகற்றும் திட்ட அறிக்கையில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.