மோக்லி யாருடைய பிள்ளை?

ரட்யார்ட் கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' குடும்பத்தைப் பற்றிய கதை என்று பலரும் சொல்கிறார்கள். எந்தக் குடும்பம் என்று கேட்டால், ஓநாய்க் கூட்டத்தையோ கரடி பாலுவையோ கருஞ்சிறுத்தை பகீராவையோதான் காட்டுகிறார்கள். 1894-இல் வெளிவந்த அந்த நூலையும் அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் நூலையும் சேர்த்துப் படித்தால், ஓநாய்களிடம் வளரும் மனிதச் சிறுவன் மோக்லியின் குடும்பம் சியோனி மலைக் குகை ஒன்றுக்குள் இருக்கிறது என்பதும், அதைத் தாங்கி நிற்பவள் ரக்ஷா என்னும் தாய் ஓநாய் என்பதும் விளங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் கதையின் தொடக்கத்தையே பாருங்கள். நடக்கப் பழகிய ஒரு மனிதக் குழந்தையைத் தந்தை ஓநாய் வாயில் கவ்விக்கொண்டு வந்து குகைக்குள் விட, அது ஓநாய்க் குட்டிகளை விலக்கிக்கொண்டு தாயின் கதகதப்பைத் தேடி ஒண்டிக்கொள்கிறது. தன் இரையைக் கேட்டுக் குகை வாயிலில் ஷேர்கான் என்னும் புலி வந்து நிற்கும்போது, சட்டம் என்ன சொல்கிறது, கூட்டம் என்ன நினைக்கும் என்று ரக்ஷா யோசிக்கவில்லை. இவன் என் பிள்ளை என்று சீறி எழுகிறாள். கூட்டம் ஏற்குமா என்ற கேள்வியைத் தந்தை ஓநாய் பிறகுதான் எழுப்புகிறார்.

கூட்டத்தின் வழி வேறு. பெற்றோர் அல்லாத இருவர் பரிந்து பேசினால்தான் ஐயத்துக்குரிய குட்டிக்கு இடம் உண்டு என்பது அதன் சட்டம். பாலு பேசுகிறான், பகீரா கொன்று வைத்திருந்த காளை ஒன்றை விலையாகத் தருகிறான். அந்த இருவரின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விலை வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்ட அதே கூட்டம், சில ஆண்டுகளில் தலைவன் அகேலா தளர்ந்ததும், ஷேர்கானின் பேச்சைக் கேட்டு மோக்லியைக் கைவிடுகிறது. அதைக் குடும்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஓர் ஊர், அவ்வளவுதான்.

இந்தக் கதைகளில் என்னை மிகவும் பாதித்த இடம் இரண்டாம் நூலில் வருகிறது. புலியிடம் மகனைப் பறிகொடுத்த மெஸ்ஸுவா, கிராமத்துக்கு வந்த மோக்லியைத் தன் மகனாகவே எண்ணிப் பால் கொடுத்தவள். அதற்காகவே, மோக்லியைச் சூனியக்காரன் என்று நம்பிய ஊரார் அவளையும் அவள் கணவரையும் கட்டிப்போட்டு, கொல்லத் துணிகிறார்கள். அவர்களை விடுவிக்கப் போகும் மோக்லியைப் பின்தொடர்ந்து, வயது முதிர்ந்த ரக்ஷா பனியில் நனைந்தபடி வருகிறாள். தன் பிள்ளைக்குப் பால் கொடுத்த அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. பின்னங்கால்களில் எழுந்து சன்னல் வழியாக இருளுக்குள் பார்க்கிறாள். இறங்கி வந்து, முதல் பாலைக் கொடுத்தவள் நான்தான், என்றாலும் மனிதன் கடைசியில் மனிதரிடமே போவான் என்கிறாள். அந்தச் சொற்களில் வலி இருக்கிறது, ஆனால் போட்டி இல்லை. பிறகு அந்தத் தம்பதியர் பத்திரமாகத் தப்பிச் செல்லும் வழியிலும் காவலாக அவளே போகிறாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் இருக்கலாம், ஒருத்தி உண்மையானவள் என்பதால் மற்றவள் பொய்யாகிவிட மாட்டாள் என்பதைக் குழந்தைகளுக்கு இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கதையை நான் அதிகம் கண்டதில்லை. பெற்றவரல்லாதவரிடம் வளரும் குழந்தைகளுக்கு இந்தப் பகுதியை அவசியம் படித்துக் காட்ட வேண்டும்.

கிப்ளிங்கின் இளமையை அறிந்தவர்களுக்கு இதன் அழுத்தம் கூடுதலாகவே புரியும். 1865-இல் பம்பாயில் பிறந்த அவரை, ஆறு வயது நிறைவதற்கு முன்பே, தங்கையோடு இங்கிலாந்தின் சவுத்சீயில் அறிமுகமற்ற ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். 1877 வரை அந்த வீட்டில் அவர் பட்ட கொடுமைகளைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அயலார் வீட்டில் அன்பு மறுக்கப்பட்ட ஒருவர், அயல் இனத்துப் பிள்ளைக்கு ஓநாய்க் குகையில் அன்பைத் தந்திருக்கிறார். அவருடைய ஏகாதிபத்தியக் கருத்துகளோடு எனக்குக் கடுமையான முரண்பாடு உண்டு. ஆயினும் இந்த இடத்தில் அவர் உண்மையாக எழுதியிருக்கிறார் என்பதை மறுக்க முடியாது.

1967-இல் வந்த டிஸ்னி திரைப்படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ரக்ஷாவைத் தெரியாது. அதில் ஓநாய்க் குடும்பம் தொடக்கத்திலேயே கதையைவிட்டு விலகிவிடுகிறது. பாட்டும் ஆட்டமும் நட்புமே எஞ்சுகின்றன. அது பெரும் இழப்பு என்றே நினைக்கிறேன்.

மூல நூலிலும் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் உண்டு. விடைபெறும் மோக்லியிடம், என் குட்டிகளைவிட உன்னையே அதிகம் நேசித்தேன் என்கிறாள் ரக்ஷா. வளர்ப்புப் பிள்ளையின் இடத்தை நிலைநாட்ட, பெற்ற பிள்ளைகளின் பங்கைக் குறைத்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அந்த நான்கு குட்டிகளும் அதனால் மனம் திரிந்ததாகக் கதையில் இல்லை. ஓநாய்க் கூட்டமும் கிராமமும் துரத்திய பிறகு, இனித் தனியாகவே வேட்டையாடுவேன் என்று மோக்லி அறிவிக்கும்போது, நாங்களும் உன்னோடு வருகிறோம் என்று சொல்பவை அவைதான்.