இலவசம்தான், ஆனால் சாவி நம் கையில் இல்லை
"இலவச மின்னஞ்சலால் பயனருக்கு எந்த இழப்பும் இல்லை" என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போன வருடம் என் போன் தொலைந்தது, எண்ணும் மாறிவிட்டது. புதுக் கருவியில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டேன். "இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்று வந்து நின்றது. ஓடிபி போனதோ கைவிட்டுப்போன அந்தப் பழைய எண்ணுக்கு. பேசிப் புரியவைக்க ஓர் ஆள் கிடையாது. படிவம், மறுபடியும் அதே படிவம். மூன்று வாரம் கழித்து, பரணில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்து அதன் வழியாக நுழைந்தபோதுதான் திறந்தது. உள்ளே ஒரு நேர்காணல் அழைப்பு, தேதி கடந்து கிடந்தது. அதற்காக, கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பர் ஒருவர் சொல்வதுபோல் எல்லோரும் காசு கொடுத்துச் சொந்த டொமைன் (நம் பெயரில் பதிவுசெய்துகொள்ளும் இணைய முகவரி) வாங்க வேண்டும் என்பதும் சரியில்லை. புதுப்பிக்க மறந்தால் அந்த முகவரியே வேறொருவர் கைக்குப் போய்விடும். இலவச மின்னஞ்சலால் நன்மையே இல்லை என்றும் சொல்லவில்லை. 1996-இல் வந்த ஹாட்மெயில் 2 எம்பி இடம்தான் தந்தது. படித்ததும் அழித்தாக வேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி என்று அறிவித்தபோது பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள். இன்று பத்து வருடத்துக்கு முந்தைய கடிதத்தை ஒரு சொல்லைத் தட்டித் தேடி எடுக்கிறேன், அந்த நன்மையை மறுக்கவே மாட்டேன். ஆனால் ஜிமெயில் இப்போது தரும் 15 ஜிபி, படங்களுக்கும் கோப்புகளுக்கும் சேர்த்துத்தான். நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் வராது. 2 ஆண்டு தொடாத கணக்கை நீக்கலாம் என்ற விதியையும் 2023-இல் கொண்டுவந்துவிட்டார்கள். இவற்றையும், ஓடிபிக்குப் பதிலாகப் போட்டு நுழைய உதவும் பேக்கப் குறியீடுகளை முன்கூட்டியே அச்செடுத்து வைக்கலாம் என்பதையும் கட்டுரையில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.