டைக்ஸ்ட்ராவை ஒரு அல்காரிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த யாரைக் கேட்டாலும் டைக்ஸ்ட்ரா என்ற பெயர் தெரியும். இரண்டு இடங்களுக்கு நடுவே குறுகிய வழி கண்டுபிடிக்கும் அல்காரிதம் (படிப்படியான செய்முறை), தேர்வுக்கு முக்கியமான கேள்வி, அதோடு சரி. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எழுதிக் குவித்ததைப் பற்றி வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தார். லைடனில் இயற்பியல் படித்துக்கொண்டே, 1952 முதல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராம் எழுதினார். 1957இல் கல்யாணப் பதிவின்போது தொழில் 'புரோகிராமர்' என்று சொன்னார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்றுதான் பதிவானது!

அந்த அல்காரிதம் பிறந்தது 1956இல். ஆர்மாக் என்ற புதிய கணினியின் தொடக்க விழாவில், கணக்கு தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஏதாவது செய்துகாட்ட வேண்டியிருந்தது. வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, களைப்பாற ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தார். இருபதே நிமிடத்தில் அல்காரிதம் மனதில் உருவாகிவிட்டது. பேனாவும் இல்லை, தாளும் இல்லை. கையில் தாள் இல்லாததால்தான் தேவையற்ற சிக்கல்களைத் தவிர்க்க முடிந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அவருடைய மொத்த வாழ்க்கையும் எனக்கு இந்த ஒரு வரியில் தெரிகிறது. முதலில் யோசி, தெளிவு வரட்டும், அப்புறம் எழுது.

ஒரே நேரத்தில் ஓடும் புரோகிராம்கள் மோதிக்கொள்ளாமல் காக்கும் செமஃபோர், புரோகிராமில் நினைத்த இடத்துக்குத் தாவச் சொல்லும் 'கோ டூ' கட்டளையை எதிர்த்து 1968இல் வந்த கடிதம், கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 1972இல் என்று சாதனைகள் ஏராளம். ஆனால் நான் மதிப்பது அவருடைய கையெழுத்துப் பிரதிகளை. பவுண்டன் பேனாவால் அச்சுக் கோத்தது போன்ற எழுத்தில் எழுதி, இ.டபிள்யூ.டி. என்று தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு எண்ணிடுவார். நகலெடுத்து நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் மறுபடி நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். இப்படி 1,300க்கும் மேல் எழுதினார். கணிதம், பாடம் நடத்தும் முறை, பயணக் குறிப்பு, சக ஆய்வாளர்கள் மீது கோபம், எல்லாம் அதில் உண்டு.

அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்ட மாட்டேன். 'பேசிக்' (BASIC) என்ற புரோகிராமிங் மொழியில் தொடங்கியவர்களுக்கு நல்ல புரோகிராமிங் கற்றுத்தரவே முடியாது என்று 1975இல் எழுதினார். பேசிக்கில் ஆரம்பித்து அருமையாக வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அது அநியாயமான தீர்ப்பு.

ஆனால் சோதித்துப் பார்த்தால் பிழை இருப்பது தெரியவரும், பிழையே இல்லை என்பது ஒருபோதும் தெரியவராது என்றாரே, அதை யாராலும் அசைக்க முடியவில்லை. ஏஐ கருவியிடம் கேட்டால் நொடியில் நூறு வரி கோட் கொட்டுகிற இந்த நாளில், அதை முழுக்கப் புரிந்துகொண்டவர் யார் என்று கேட்க ஆளில்லை. நமக்கு அவர் அவசரமாகத் தேவைப்படுகிறார்.

கடைசிக் காலத்தில் அமெரிக்காவில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2002இல் நெதர்லாந்தில் காலமானார். அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்துப் பிரதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் 340ஆம் எண்ணைப் படியுங்கள். டூரிங் விருது வாங்கியபோது பேசிய உரை அது. கணிதம் எதுவும் தேவையில்லை, ஒரே மூச்சில் படித்துவிடலாம்.