ஒரு தடவை வரைந்தால் போதுமா?

"டிசைனை ஒரு தடவை செய்து போட்டால் போதும், தூங்கும்போதும் பணம் வரும்" என்கிறது டிசைன் விற்பனை பற்றிய உங்கள் கட்டுரை. பாதி சரி. நாங்கள் ஈரோட்டில் வீட்டிலிருந்தே மெஷின் எம்பிராய்டரி டிசைன்களை எட்ஸி என்ற இணையச் சந்தையில் ஃபைலாக விற்கிறோம். வரைவது நான், அதை மெஷின் படிக்கும் தையல் ஃபைலாக மாற்றுவது வீட்டுக்காரர், எந்த நிறம் எடுபடும் என்று சொல்வது மாமியார் (அவர் கண் தப்பாது).

வரைந்த பிறகுதான் வேலையே. பிரதர் மெஷினுக்கு பிஇஎஸ், ஜனோமுக்கு ஜேஇஎஃப், மற்றவர்களுக்கு டிஎஸ்டி என்று ஒரே மயில் டிசைனைப் பல ஃபைல் வகைகளில் கொடுக்க வேண்டும். டிஎஸ்டியில் நூலின் நிறம் பதிவாகாது, எங்கே நூல் மாற்றுவது என்பது மட்டும்தான் இருக்கும். அதனால் நிற அட்டவணை தனியாக. 4 அங்குல டிசைனை வாங்கியவர் மெஷினிலேயே இஷ்டத்துக்குப் பெரிதாக்கினால் தையல் இடைவெளி விட்டு, அடியில் துணி பல்லிளிக்கும். அப்புறம் ஒற்றை நட்சத்திரம் நமக்குத்தான். தைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை. திரையில் தோகை விரிக்கும் மயில் மெல்லிய காட்டனில் சுருங்கிவிடும்.

எட்ஸி வாங்கும் கட்டணத்தையும் எழுதியிருக்கலாம். பட்டியலிட 20 சென்ட், 4 மாதம் கழித்துப் புதுப்பிக்க மறுபடி 20 சென்ட், விற்றால் 6.5 சதவீதம், பணம் பெறும் கட்டணம் வேறு. 2 டாலர் டிசைனில் என்ன மிஞ்சும்? பத்தைச் சேர்த்துத் தொகுப்பாகப் போட்டால்தான் கட்டுப்படியாகிறது.

திருட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! எங்கள் மயில் இப்போது "500 டிசைன் 99 ரூபாய்" மூட்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எப்படி நீக்கவைப்பது என்று விவரம் தெரிந்த வக்கீலிடம் கேட்டு எழுதுங்களேன்.