கணக்குக்குப் பிறகு வந்த புத்தகம்

"வேதத்துக்குத் திரும்புங்கள்" என்ற அழைப்பு கிறிஸ்தவ சபைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. கூடவே ஒரு வாக்குறுதியும் ஒட்டிக்கொண்டு வரும்: திரும்பினால் கடன் தீரும், வேலை கிடைக்கும், தேசம் செழிக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. லாபக் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்புவதற்கு மனந்திரும்புதல் என்று பெயர் வைக்க வேண்டாம்.

பழைய ஏற்பாட்டில் இரண்டாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். யூதாவின் அரசன் யோசியா அரசாண்ட 18ஆம் ஆண்டு. எருசலேம் ஆலயத்தில் பழுதுபார்க்கும் வேலை. தச்சர்கள், கொத்தர்கள், கல்லும் மரமும். அந்தச் சந்தடியில்தான் பிரதான ஆசாரியன் இல்க்கியா நியாயப்பிரமாணப் புத்தகத்தை, அதாவது மோசே வழியாக வந்த சட்ட நூலைக் கண்டெடுக்கிறான். அது கவனிப்பாரற்றுக் கிடந்தது எதிரியின் முகாமில் அல்ல, ஆலயத்துக்குள்ளேயே! சம்பிரதியாகிய (அரசனின் எழுத்தனாகிய) சாப்பான் அரசனிடம் போகிறான். முதலில் என்ன சொல்கிறான்? பணக் கணக்கு. ஆலயத்தில் சேர்ந்த பணத்தை வேலையை நடத்துகிறவர்கள் கையில் கொடுத்தாயிற்று என்று ஒப்பிக்கிறான். அதன் பிறகே, இல்க்கியா தன்னிடம் ஒரு புத்தகம் கொடுத்ததாகச் சொல்கிறான். வெறும் "ஒரு புத்தகம்". சபை நிர்வாகக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது.

வாசிக்கக் கேட்டதும் யோசியா தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். விக்கிரகங்களால் ஆலயத்தை நிரப்பிய மனாசே அவனுடைய தாத்தா. பழி முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். முன்னோர் செவிகொடாததை யோசியா மறைக்கவில்லை. ஆனால் "எனக்காகவும்" கர்த்தரிடம் விசாரியுங்கள் என்று தன்னையே முதலில் நிறுத்துகிறான்.

தீர்க்கதரிசினி உல்தாளிடமிருந்து வந்த பதில் கடுமையானது. அழிவு நிச்சயம்; உன் இருதயம் இளகியதால் அதை உன் கண்கள் காணாது, அவ்வளவுதான். பேரம் பேச இடமே இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் அவன் சிறியோர் முதல் பெரியோர்வரை எல்லாரையும் கூட்டி, புத்தகம் முழுவதையும் வாசித்து, உடன்படிக்கை செய்கிறான். நகரம் தப்பாது என்று தெரிந்தே செய்கிறான். இன்றைய பிரசங்கங்களில் இந்தப் பகுதியை எவ்வளவு வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்!

அவன் மகன் யோயாக்கீமின் கதை எரேமியா 36இல் இருக்கிறது. குளிர்கால வீடு, எதிரே கணப்பு. எரேமியா தீர்க்கதரிசியின் வார்த்தைகள் எழுதிய சுருளை யெகுதி என்ற அலுவலன் மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும், அரசன் சூரிக்கத்தியால் சுருளை அறுத்து நெருப்பில் போடுகிறான். முழுச் சுருளும் வெந்து போகிறது. யாரும் உடையைக் கிழிக்கவில்லை. எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் சாப்பானின் மகன் கெமரியாவும் ஒருவன். (1982இல் எருசலேம் அகழாய்வில் "சாப்பானின் மகன் கெமரியா" என்று பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. பிற்பாடு பாபிலோனியர் நகரை எரித்த நெருப்பில் சுடப்பட்டதால்தான் அந்தக் களிமண் கரையாமல் தப்பியது.)

தகப்பனையும் மகனையும் பிரித்துக் காட்ட எரேமியா எடுத்துக்கொண்ட அளவுகோல் வாசிப்புப் பழக்கம் அல்ல, கூலி. யோசியாவின் ஆலய வேலையில் பணம் பெற்றவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக்கூடக் கேட்கவில்லை. யோயாக்கீமோ கேதுருப் பலகை வைத்து, ஜாதிலிங்கம் என்ற சிவப்புச் சாயம் பூசி மாளிகை கட்டினான். உழைத்தவனுக்குக் கூலி தரவில்லை. "உன் தகப்பன் எளியவனுடைய நியாயத்தை விசாரித்தானே, என்னை அறிவது அதுவல்லவா" என்ற பொருளில் கர்த்தர் அவனைக் கேட்கிறார்.

எனவே, தினமும் எத்தனை அதிகாரம் படிப்பது என்று அட்டவணை போடுகிறவர்கள், அதற்கு முன் தங்களிடம் வேலை செய்த யாருக்காவது கூலி பாக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடட்டும்.