நாலரை வருடம் தாமதமாகச் செத்தவர்

லண்டன் கென்சல் கிரீனில் செயின்ட் மேரி கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கிறிஸ்டினா ஸ்கார்பெக் என்ற போலந்துப் பெண்ணைப் புதைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் உளவுப் பணியில் அவர் பெயர் கிறிஸ்டின் கிரான்வில். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஆகஸ்டில், தெற்குப் பிரான்சில், பிரிட்டிஷ் உளவாளி பிரான்சிஸ் காமர்ட்ஸும் இரண்டு தோழர்களும் எதிரியான ஜெர்மானியரிடம் சிக்கி, சாவுக்கு மணி எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் தன்னந்தனியாக எதிரியின் ஆட்களிடமே போய் நின்றார். நேசநாட்டுப் படை வந்துகொண்டிருக்கிறது, இவர்கள் செத்தால் நீங்களும் தப்ப மாட்டீர்கள் என்று மிரட்டினார். கூடவே இருபது லட்சம் பிராங்குக்குப் பேரமும் பேசி முடித்தார். மூவரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

போர் முடிந்தது, வேலையும் போயிற்று. போலந்துக்குத் திரும்பவும் வழியில்லை. தொலைபேசி இணைப்பு கொடுத்தார், கடையில் விற்பனைக்கு நின்றார், கடைசியில் பயணிகள் கப்பலில் பணிப்பெண்ணாகப் போனார். 1952 ஜூன் 15 அன்று, கப்பலில் உடன் வேலை பார்த்த ஒருவன் லண்டன் விடுதியில் வைத்து அவரைக் குத்திக் கொன்றான்.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. போரில் இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவகங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்கு ஒரு தேதிக் கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள்தான் அதன் பொறுப்பு. ஜெர்மனியின் டாஹாவ் வதை முகாமில் 1944-இல் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உளவாளி நூர் இனாயத் கானுக்குக் கல்லறையே கிடையாது. ஆனால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் அவர் பெயர் செதுக்கப்பட்டு, இன்றுவரை பராமரிக்கப்படுகிறது. கிறிஸ்டினாவுக்குக் கல்லறை இருந்தது. சாவுதான் நாலரை வருடம் தாமதமாகிவிட்டது.

எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. பதினேழு லட்சம் பேரின் நினைவைக் காக்கும் அமைப்பு அது. ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுகிறவர்கள் யார் என்று பாருங்கள். போரில் பிழைத்து, நாடிழந்து, அந்நிய மண்ணில் உறவில்லாமல் இறந்தவர்கள். தேடி வர ஆளில்லாதவர்களைத்தான் அது கைவிடுகிறது. கிறிஸ்டினாவின் கல்லறையை 2013-இல் புதுப்பித்தது போலந்துப் பாரம்பரியச் சங்கம். அதாவது அவர் இறந்து 61 வருடம் கழித்து. (1988-இல் இறந்த அவருடைய தோழர் ஆந்த்ரே கொவெர்ஸ்கியின் அஸ்தியும் அவர் காலடியில்தான் இருக்கிறது. நினைவில் வைத்திருந்த ஒருவராவது இருந்தார்.)

புதுப்பிப்பது என்றால் பணம் திரட்டுவதுதான் பெரும்பாடு என்று நானும் நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் வேறொரு கல்லறைத் தோட்டத்தில், போருக்குப் பின் இறந்த ஒரு வெளிநாட்டு வீரரின் கல்லைச் சரிசெய்ய ஆறு பேர் கிளம்பினோம். பணம் இரண்டே வாரத்தில் சேர்ந்தது. கல்லைத் தொட அனுமதி வாங்கத்தான் ஒன்பது மாதம் ஆயிற்று. அந்தக் குழியின் உரிமைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோ, அவருடைய வாரிசோ கையெழுத்துப் போட வேண்டும். வாரிசே இல்லாதவருக்கு யார் போடுவது?

ஒருவழியாக அனுமதி வந்தது. பளபளவென்று கருங்கல்லில் புதிதாகவே வைத்துவிடலாம் என்றார் ஒருவர். நான் ஒப்பவில்லை. அவரைப் புதைத்த அன்று நட்ட கல் அது, அதுதான் நிற்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷும் கூடவே கூடாது, கல்லின் மேல்தோலையே தின்றுவிடும். தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, மரச்சில்லால் பாசியை மெல்லச் சுரண்டி, மென்மையான பிரஷால் தேய்த்தோம். அரை மணி நேரத்தில் ஓர் எழுத்தின் வால் தெரிந்தது. மதியத்துக்குள் முழுப் பெயரும் வந்துவிட்டது. அவருடைய மொழிக்கே உரிய ஓர் எழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியைக் கல்தச்சர் அன்றே விட்டுவிட்டிருந்தார். அதை அப்படியே விட்டுவைத்தோம்.

மாலை வைத்தோம், படம் எடுத்தோம், அன்று மாலையே முகநூலிலும் போட்டோம். நானும்தான் போட்டேன், நானூறு விருப்பக்குறிகள் வந்தன. அடுத்த வருடம் அதே மாதம் போனபோது ஐவிக் கொடி கல்லின் பாதி வரை ஏறியிருந்தது. ஆறு பேரில் இரண்டு பேர்தான் வந்திருந்தோம். கத்தரிக்கோல் எடுத்துவர இருவருமே மறந்திருந்ததால் கொடியைக் கையாலேயே பிய்த்தோம்.