"தடைக்காலத்துலயும் சம்பளம் உண்டா மேடம்?"

போன வாரம் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் எடுக்கப் போயிருந்தேன். பி.பி.ஏ., எம்.பி.ஏ. கடைசி வருடப் பிள்ளைகள். நான் வேலை பார்ப்பது மண்டபம் பக்கம், நண்டும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். ஹெச்.ஆர். பொறுப்பு. நாங்கள் கொடுத்த படிவத்தில் 'விருப்பத் துறை' என்று ஒரு கட்டம் இருக்கும். மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், ஹெச்.ஆர்., ஆபரேஷன்ஸ். பாதிப் பேருக்கு மேல் ஃபைனான்ஸில் டிக் அடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே மனப்பாடப் பதில்.

தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் என்னைத் திருப்பிக் கேட்டாள். "தடைக்காலத்துலயும் சம்பளம் உண்டா மேடம்?"

பக்கத்தில் இருந்த பேராசிரியர் முகம் சுளித்தார். எனக்கு அன்றைக்குக் காதில் விழுந்த முதல் உண்மையான பேச்சு அதுதான். அவள் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். மற்ற மாதங்களிலும் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். காற்று அடித்தால் அதுவும் இல்லை. டீசல், ஐஸ் செலவு கழித்து மிச்சமிருந்தால்தான் பங்கு. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை ஃபைனான்ஸில் டிக் அடிப்பது கணக்குப் பாடம் பிடித்ததால் இல்லை. பேங்க் வேலை என்றால் மாதம் பிறந்ததும் சம்பளம் வந்துவிடும். அதை 'விருப்பம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தால், அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் அர்த்தம்.

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்டேன். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர், மகளிர் குழுவிலும் இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தக் குழுவின் வரவு செலவு நோட்டு இவள் கையில்தானாம். யாருக்குத் தவணை தள்ளிப்போகும், யாரிடம் நேராகக் கேட்கலாம், யாரிடம் மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும், எல்லாம் சொன்னாள். "கரைக்கு அன்னைக்கு என்ன மீன் வந்துச்சுன்னு பாத்துட்டுத்தான் மேடம் பணம் கேக்கப் போவேன்" என்றாள். எங்களிடம் நண்டுச் சதை எடுக்கும் பிரிவில் நாற்பது பெண்கள் இருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் இவளுக்கு அம்மா வயது. அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசராக நிற்கத் தேவையான அத்தனையும் அந்தப் பதிலில் இருந்தது. ரெஸ்யூமில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. பி.பி.ஏ. முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது விற்பனைப் பிரிவு கேட்டேன். மேலாளர் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, "தண்ணியில்லாக் காட்டுல இருந்து வந்திருக்க, கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசுவ?" என்று சிரித்தார். என் அம்மா பதினெட்டு வருடம் உச்சிப்புளிச் சந்தையில் கருவாடு விற்றவர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேசி வளர்ந்தவள் நான். சம்பளப் பட்டியல் போடும் மேசையில் இரண்டு வருடம் உட்கார வைத்தார்கள். உனக்கு என்ன வரும் என்று அந்த இரண்டு வருடத்தில் ஒருவர் கூடக் கேட்கவில்லை. நான் ராஜினாமா கொடுத்த அன்று மட்டும் 'ஏன் போறீங்க' என்று ஒரு படிவம் நீட்டினார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மேலாண்மை படிப்பவர்களுக்கு எட்கர் ஷைன் பெயர் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் படித்த 44 பேரை 1960களின் தொடக்கத்தில் படிக்கும்போதே பேட்டி எடுத்து, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார். அவர்கள் பார்த்த வேலைகள் ஒவ்வொரு விதம். ஆனால் ஒரு வேலையை ஏன் எடுத்தேன், ஏன் விட்டேன் என்று சொன்ன காரணங்களில் ஆளுக்கு ஒரு ஒழுங்கு தெரிந்தது. பொருந்தாத வேலைக்குப் போனவர்கள், ஏதோ ஒன்று பிடித்துப் பின்னால் இழுத்ததைப் போலச் சொன்னார்களாம். அதற்கு அவர் வைத்த பெயர் நங்கூரம். ஒருவருக்குப் பாதுகாப்பு, ஒருவருக்குச் சுதந்திரம், ஒருவருக்குத் தொழில் நுணுக்கம், இன்னொருவருக்குச் சொந்தமாக ஒன்றை உருவாக்குவது என்று பின்னாளில் எட்டு வகை சொன்னார். சில வருடம் வேலை பார்த்து அடிபட்டால்தான் தன் நங்கூரம் எது என்று ஒருவருக்கே தெரியும் என்பது அவர் கருத்து. அப்படியிருக்க, இருபத்தொரு வயதுப் பிள்ளையிடம் 'அஞ்சு வருஷத்துல எங்க இருப்ப' என்று கேட்டு என்ன கிடைக்கப் போகிறது? நாளைக்குப் படகு போகுமா என்று மீன்வளத் துறை டோக்கன் கொடுத்த பிறகே தெரிந்துகொள்ளும் வீட்டுப் பிள்ளையிடம் இந்தக் கேள்வி!

இரண்டு வருடத்துக்கு முன் மூக்கையூர்ப் பையன் ஒருவனை எடுத்தோம். பேட்டியில் வாயே திறக்கவில்லை. ஸ்டோரில் போட்டோம், அங்கேயும் சுமார்தான். ஒருநாள் கொள்முதல் ஆள் வராததால் அதிகாலையில் அவனைக் கரைக்கு அனுப்பினோம். ஓடு மாற்றிய நண்டு உள்ளே தண்ணீராக இருக்கும், எடை நிற்கும், சதை இருக்காது. அவன் கையில் தூக்கியதுமே பிரித்துப் போட்டுவிட்டான். அங்கே வியாபாரிகளிடம் அவன் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஆறு மாதம் அவனை மந்தம் என்று நினைத்தது எங்கள் தப்பு. இதற்குப் பிறகுதான் புதிதாகச் சேரும் எல்லோரையும் கொள்முதல், தரம், ஏற்றுமதி ஆவணம் மூன்றிலும் ஒரு மாதம் சுற்றவிட்டுப் பிறகு இடம் தீர்மானிக்கிறோம். செலவுதான் என்று முதலாளி முதலில் யோசித்தார். விட்டுப் போகிற ஆளுக்குப் பதில் இன்னொருவரைப் பிடித்துப் பழக்குகிற செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சரி என்றார்.

கீழக்கரைப் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ரெண்டு வருஷத்துல துபாய் போயிருவான்' என்று பல கம்பெனிகள் ஒதுக்குகின்றன. போகட்டுமே. ஐரோப்பாவுக்குக் கடல்மீன் போக, முறைப்படி பிடித்த மீன்தான் என்று காட்டும் பிடிப்புச் சான்றிதழ் 2010 முதல் வேண்டும். அந்தக் காகித வேலையைக் கருத்தாகக் கற்றுக்கொண்டு போகிற பையன், நாளைக்கு அங்கிருந்து நமக்கு வாங்குபவனாகவும் வரலாம். வாப்பா, மாமா என்று வீட்டில் பாதிப் பேர் வியாபாரத்தில் இருக்கிறார்கள். சொந்தத் தொழில் என்பது அவனுக்குப் பாடப்புத்தகத்தில் வந்த சொல் இல்லை.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிளேஸ்மென்ட் பயிற்சியில் கை குலுக்கவும் டை கட்டவும் சொல்லிக் கொடுக்கிறீர்கள். கூடவே முதல் வருடத்திலேயே ஒரு வாரம், பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தொழிலின் கணக்கை எழுதிவரச் சொல்லுங்கள். பங்கு, முன்பணம், ஏலம், வட்டி எல்லாம் வரட்டும். எந்த இடத்தை எழுதும்போது பிள்ளைக்குக் கண் விரிகிறது என்று உடனிருந்து பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் சம்பளம் உண்டு என்று சொன்னேன். எங்களுக்கு நண்டு பெரும்பாலும் நாட்டுப்படகு வலையில் வருகிறது, அவற்றுக்குத் தடை இல்லை. வரத்து குறையும், வேலை நிற்காது. ஜூனில் சேர்கிறாள். போகும்போது, "சேர்றதுக்கு முன்னாடி அப்பாவைக் கூட்டிட்டு வந்து கம்பெனியைக் காட்டலாமா மேடம்?" என்று கேட்டாள். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.